ஸ்கூப் பேட்: சேப்பல்கள் ஆடியது, நமக்கு ஒத்துவருமா?

கிரே-நிக்கல்ஸ் நிறுவனம் 1974இல் இறக்கிய ஸ்கூப் பேட்டை முன்பக்கம் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. திருப்பினால்தான் விஷயம். மற்ற பேட்களில் முதுகெலும்புபோல் புடைத்திருக்கும் இடத்தில் இதில் நீளவாக்கில் மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். இந்த வடிவத்தை அவ்வப்போது மறுபடியும் வெளியிடுகிறார்கள். வாங்க நினைப்பவர்களுக்காக இது.

நடுவில் எடை குறைந்து இரு ஓரங்களிலும் கூடுவதால், நடுவை விட்டுச் சற்று விலகிப் பட்ட பந்துக்கும் பேட் கையில் அவ்வளவாகத் திரும்பாது. கோல்ஃப் மட்டைகளிலிருந்து வந்த யோசனை. சரியாக நடுவில் பட்ட பந்து கூடுதல் வேகத்தில் போகும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இது தரும் லாபம், தவறிப் பட்ட அடி முழுக்கச் சாகாமல் இருப்பதுதான். இன்றைய பேட்களுக்கே தடித்த விளிம்பு இருப்பதால் அந்த லாபமும் 1974இல் இருந்த அளவுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதைப் பிரபலமாக்கியவர்கள் பேட்ஸ்மேன்கள் இயன் சேப்பலும் தம்பி கிரெக்கும். தாய்வழித் தாத்தா விக் ரிச்சர்ட்சன் 1935-36இல் தென்னாப்பிரிக்கா போன ஆஸ்திரேலிய அணியின் கேப்டன். அடிலெய்டில் வீட்டுக் கொல்லையிலேயே அப்பா மார்ட்டின் நிஜக் கிரிக்கெட் பந்தைப் போட்டுப் பிள்ளைகளைப் பழக்கினார். கிரெக் 1970இல் பெர்த்தில் முதல் டெஸ்டிலேயே 108 அடித்தபோது ஸ்கூப் பிறக்கவே இல்லை. 1975இல் பிரிஸ்பேனில் கேப்டனாக ஆடிய முதல் டெஸ்டின் இரு இன்னிங்ஸிலும் சதம், 1984 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்டில் 182, மொத்தம் 87 டெஸ்டில் 7,110 ரன், 24 சதம். இதை பேட்டின் கணக்கில் எழுத முடியாது. இன்னொரு தம்பி ட்ரெவரும் அதே கொல்லையில் வளர்ந்தவர்தான். மூன்று டெஸ்டோடு முடிந்தது. 1981இல் கிரெக் சொல்லி அவர் உருட்டிவிட்ட அண்டர்ஆர்ம் பந்துதான் ஊருக்கு ஞாபகம்.

ஆனால் கிரெக் ஆடிய விதத்துக்கு இந்த பேட் பொருந்தியது உண்மை. நிமிர்ந்து நின்று, பேட்டை நேராக இறக்கி, மிட்-ஆன் பக்கம் தள்ளுவதும் காலடிப் பந்தைத் திருப்பிவிடுவதும் அவர் பாணி. அப்படி ஆடுபவருக்கு ஸ்கூப் சுகம். எல்லாப் பந்தையும் மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்குபவர்கள் முதுகு தடித்த சாதாரண பேட்டையே வாங்கலாம்.

கடையில் எடையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். 1,130 முதல் 1,190 கிராம் பெரும்பாலானோருக்குப் போதும். அதே எடையில் இரண்டு பேட்டைத் தூக்கிப் பார்த்தால் பிக்கப், அதாவது தூக்கும்போது கையில் உணரும் கனம், வேறுவேறாக இருக்கும். பள்ளத்தின் கீழ்முனையை விரலால் தடவுங்கள். மரம் திடீரென்று மெலிந்து தடிக்கும் இடம் அது, யார்க்கர் (காலடியில் வந்து விழும் பந்து) பட்டால் விரிசல் அங்கிருந்து கிளம்பலாம். வெட்டு படிப்படியாக இறங்கியிருக்க வேண்டும். லீக் ஆட்டத்துக்கு என்றால் விளிம்பு 40 மி.மீ., மொத்தத் தடிமன் 67 மி.மீ., அகலம் 108 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது.

ஸ்கூப் பேட்டைப் பலர் கெடுப்பது எண்ணெயில்தான். பச்சையான லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், காய்ச்சியது வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி. முகம் (பந்தை அடிக்கும் முன்பக்கம்), விளிம்பு, அடிமுனை மட்டும். முகம் மேலே பார்க்கக் கிடத்தி ஒரு நாள் விட்டு, இரண்டு மூன்று தடவை. பள்ளத்துக்குள் ஊற்றினால் அங்கேயே தேங்கி மரம் ஊறும், எடை ஏறும், அடிக்கும்போது சத்தமும் மந்தமாகும். கைப்பிடி செருகிய இடத்தில் பட்டால் பசை விடும்.

பிறகு மர மேலட்டால் (மரச் சுத்தியல்) பேட்டைத் தட்டிப் பழக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம், ஒரேயடியாக அல்ல, பல நாளாகப் பிரித்து. முகத்தில் மெதுவாக ஆரம்பித்து, விளிம்புகளை 45 டிகிரி சாய்வில் தட்டி உருட்டுங்கள். விளிம்பை நேராகக் குத்தினால் பிளக்கும். முதுகை, குறிப்பாகப் பள்ளத்தின் கரைகளை, தொடவே வேண்டாம். அடுத்து பழைய பந்தில் கேட்ச் கொடுக்கும் அளவுக்கு மெல்லத் தட்டுங்கள். பந்தின் தையல் முகத்தில் பதிந்தால் திரும்ப மேலட்டுக்குப் போங்கள். புதுப் பந்து கடைசியில். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மட்டும் போட்டுவைக்காதீர்கள். பேட் செய்யும் வில்லோ மரம் காய்ந்தால் முதலில் உடைவது அந்த மெலிந்த இடமாகத்தான் இருக்கும்.