ரொம்பின் மயில்மீன் படகு: ஒன்பது பயணங்களுக்குப் பிறகு

போன வாரம் பழைய வேலையிடத்து நண்பன் வாட்சாப்பில் கேட்டான்: "ஆகஸ்ட்டில் நாலு பேர் ரொம்பின் போகலாம் என்றிருக்கிறோம். நீ வழக்கமாகப் படகு எடுக்கிற ஆளிடமே சொல்லலாமா?" ரொம்பின் மலேசியாவின் பஹாங் மாநிலத்துக் கிழக்குக் கரை ஊர், மயில்மீன் (sailfish) தூண்டிலுக்குப் பேர்போனது. ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிய வேண்டிய பதில். இரண்டு முறை தட்டி, இரண்டு முறை அழித்தேன். 2018இலிருந்து அதே ஆளிடம் ஒன்பது முறை படகு எடுத்திருக்கிறேன். அதில் நாலு முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அந்த நாலில் ஒன்றுதான் நான் கடலில் கழித்த நாட்களிலேயே மிக நல்ல நாள். இதை எப்படி ஒரு சொல்லில் அடக்குவது?

மற்ற விவரங்கள் விசாரித்தவர்களுக்குத் தெரிந்தவைதான். ஒரு படகுக்கு நாலு பேர். காலை எட்டு மணிக்கு ஆற்றுத்துறையிலிருந்து கிளம்பி மாலை ஐந்துக்குள் திரும்புவார்கள். தூண்டில் ரோட், ரீல், மதியச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, அப்போது கடலுக்குப் போகிற பேச்சே இல்லை. முன்பணம் 300 வெள்ளி (ரிங்கிட்), மீதியைத் துறையில் கொடுக்கலாம். முதல் முறை நாளுக்கு 1,100 வெள்ளி கொடுத்தேன், இப்போது 1,600. அதில் எனக்குக் குறையே இல்லை. எஞ்சினையும் எண்ணெயையும் வைத்துப் பிழைப்பவர்கள், ஏற்றித்தான் ஆக வேண்டும்.

என் குறை ஒன்றே ஒன்று. ஒரு தெக்கோங்கை நம்பிப் பணம் கட்டுகிறோம். காலையில் துறைக்குப் போனால் வேறு தெக்கோங் நிற்கிறார்.

தெக்கோங் என்றால் வெறும் படகோட்டி என்று நினைத்துவிடக் கூடாது. விளம்பரத்தில் ஆழ்கடல் தூண்டில் என்று போட்டாலும், தியோமான் தீவுக்கு இந்தப் பக்கம் தென்சீனக் கடல் பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீட்டரைத் தாண்டாத ஆழம்தான். பல நாடுகளில் மயில்மீனைத் தேடி அடி தெரியாத நீலத்துக்குப் போக வேண்டும். இங்கே சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆழம் குறைந்த நீருக்கு வருகின்றன, அவற்றைத் துரத்திக்கொண்டு மயில்மீனும் கரைப் பக்கம் வருகிறது. அந்தச் சின்ன மீன்களை ஓரிடத்தில் நிற்க வைப்பது உஞ்சாம். தென்னை ஓலைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, அடியில் கனத்தைக் கோத்து, மேலே மிதவை விட்டுக் கடலில் இறக்குவார்கள். ஓலை நிழலில் தம்பான், செலார் என்கிற சின்ன மீன்கள் ஒதுங்கும். ஓலை அழுகிப்போகும், மறுபடி போய்ப் புதிது கட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் தன் உஞ்சாம் எங்கே இருக்கிறது, எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் மீன் நிற்கும் என்பது தெரியும். இடக்குறி அவருடைய ஜிபிஎஸ் கருவியில் இருக்கும், மற்றதெல்லாம் அவர் தலையில் இருக்கும். ஆகவே தெக்கோங் மாறினால் கடலே மாறிவிட்ட மாதிரிதான்.

நான் முதலில் போனது ஒரு மூத்த தெக்கோங்கோடு. ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். அன்று அவரிடம் கற்றதை இன்றும் மறக்கவில்லை. காலையில் உஞ்சாமை நெருங்கியதும் எஞ்சினை அணைத்து ஆளுக்கொரு அப்போலோ கொடுத்தார். ஒரே நூலில் ஆறு சின்ன முள், ஒவ்வொன்றிலும் மினுமினுக்கும் மீன்தோல் துண்டு, அடியில் ஈயம். இறக்கி, இரண்டு முறை மெல்லத் தூக்கிப் போட்டால் நுனி படபடவென்று நடுங்கும். உடனே தூக்கக் கூடாது, இன்னும் மாட்டட்டும் என்று கையால் காட்டினார். பிறகு மெதுவாகச் சுற்றினால் ஆறு முள்ளிலும் வெள்ளி வெள்ளியாக மீன் ஏறி வருகிறது. இதுதான் மயில்மீனுக்கு இரை, உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே கையால் தொடாமல் உதறித் தொட்டியில் விட வேண்டும். செதில் உதிர்ந்த தம்பான் தாங்காது, கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும்.

இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பெரிய மீனோடு எடுத்த படத்தைத்தான் போடுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு பயணத்திலும் மிகப் பிடித்த நேரம் இதுதான். மயில்மீன் கிடைக்காத நாளில்கூட இந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தது வீணில்லை என்று நினைப்பேன். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான், குவாலா பிலா, பஹாவ், முவாட்ஸாம் ஷா என்று போகிற அந்தப் பாதையில் இருட்டோடு கிளம்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்புறம் ஆலாப் பறவைகளைத் தேடிப் போவோம். பறவைகள் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்தால், அடியில் சின்ன மீன்கள் நெருக்கியடித்துப் பந்து மாதிரி சுருண்டிருக்கும். மயில்மீன்கள் கூட்டாகச் சேர்ந்து, முதுகுத் துடுப்பைப் பாய் போல விரித்து அந்தப் பந்தைக் கலையவிடாமல் வளைக்கும். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து அலகால் தட்டிப் பிடிக்கும். வேட்டை மும்முரத்தில் அதன் உடம்பில் நீலக் கோடுகள் பளிச்சிடும். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், பத்து மீட்டர் தூரத்தில் நேரில் பார்க்கும்போது கை நடுங்கும். அங்கே உயிர் இரையை வீசுகிறோம். முள் நேர் முள்ளாக இருக்காது, சர்க்கிள் ஹூக் என்கிற உள்நோக்கி வளைந்த முள். கடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மனதுக்குள் ஐந்து எண்ணி, ரீலைப் பூட்டி, நூல் இறுகும் வரை நிதானமாகச் சுற்றினால் முள் தானாகத் திரும்பி வாயோரத்தில் மாட்டும். பெரும்பாலும் வயிற்றுக்குள் போகாது என்பதால் விடுகிற மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இதை அந்த மூத்தவர் மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் குரலை உயர்த்தவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன்.

முன்பதிவு எடுப்பவர் வேறு, படகு ஓட்டுபவர் வேறு. எடுப்பவரிடம் இரண்டு படகு இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் கேட்பவர்கள் அதிகம். வருகிற எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, மிஞ்சியவர்களை ஆற்றில் உள்ள மற்ற படகுகளுக்குத் தள்ளிவிடுகிறார். தள்ளுவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். முதல் நாள் இரவே சொல்லலாமே? சொன்னால் ரத்து செய்துவிடுவோம் என்று காலையில் துறையில் வைத்துச் சொல்கிறார். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, விடுதியில் படுத்து, ஐஸ்பெட்டியோடு நிற்கிறவன் அந்த நேரத்தில் திரும்பிப் போகவா முடியும்?

முதல் முறை மாற்றியது 2019இல். மூத்தவருக்குக் காய்ச்சல் என்றார், உண்மைதான், மூத்தவரே பிறகு சொன்னார். அதை நான் கணக்கில் வைத்திருக்கக் கூடாது, ஆனால் முந்தின நாள் மாலையிலிருந்தே காய்ச்சல் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாவது முறை ஒற்றை எஞ்சின் படகு. கரையிலிருந்து வெகு தூரத்தில் எஞ்சின் நின்று, இன்னொரு படகு வந்து கட்டியிழுக்கும் வரை மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டு கிடந்தோம். மூன்றாவது முறை வந்தவருக்குச் சொந்த உஞ்சாமே இல்லை. பகல் பதினொன்று வரை இரை கிடைக்கவில்லை. அன்று மயில்மீனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். 2020 மார்ச் கடைசி வாரத்துக்கு முன்பணம் கட்டியிருந்தேன். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நடுவில் சில மாதம் திறந்து, மறுபடி மூடி, மாநிலம் தாண்டிப் போகலாம் என்று நிலையாக ஆனது 2021 அக்டோபரில், உடனே பருவக்காற்று. அந்த இரண்டு பருவமும் முன்பதிவு எடுப்பவருக்கு வருமானம் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் நான் தயங்கித் தயங்கி அழைத்தபோது, "உங்கள் 300 என் புத்தகத்தில் இருக்கிறது, பழைய விலைக்கே வாருங்கள்" என்றார். அந்தப் பயணத்தில் அதே மூத்த தெக்கோங், ஒரே நாளில் ஏழு மீன். பணத்தில் ஒரு காசு பிசகாத மனிதர். அதனால்தான் இவ்வளவு வருஷமாக வேறு ஆளைத் தேடவில்லை.

இந்த வருஷம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு 73 வயது. பேராக் மாநிலத்துக் கம்பாரில், ஈயம் தோண்டிய பழைய குட்டைகளின் ஓரம் உட்கார்ந்து மூங்கில் தூண்டிலில் விரால் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர். கடலில் தூண்டில் போட்டதே இல்லை. முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனவர், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இதையெல்லாம் முன்பதிவின்போதே விளக்கிச் சொன்னேன். மூத்த தெக்கோங் வேண்டும், கழிப்பறை உள்ள அந்தப் பெரிய படகு வேண்டும், 200 வெள்ளி அதிகம் ஆனாலும் சரி என்றேன். சரி என்றார். ஒரு வாரம் முன்பு கேட்டேன், சரி என்றார். முந்தின நாள் இரவு உடாங் காலா என்கிற ஆற்று இறால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினார்.

காலையில் துறையில் நின்றது கழிப்பறை இல்லாத சின்னப் படகு. ஓட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெரிய படகில் ஒரு நிறுவனத்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், மூத்தவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே திரும்பியிருப்பேன். "வந்துட்டோம், ஏறுடா" என்று அப்பா படகின் விளிம்பைப் பிடித்துவிட்டார்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பாவின் காலைப் பார்த்ததும் குளிர்பெட்டி மேல் உயிர்காப்பு உடை இரண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்தான். அலைக்கு ஏற்ற மாதிரி வேகத்தைக் குறைத்து ஓட்டினான், வழக்கத்தைவிட அரை மணி நேரம் அதிகம் பிடித்தது. பின்பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டி, ஒரு வாளி வைத்து, அப்பாவுக்குக் கூச்சம் வராதபடி எங்களையெல்லாம் முன்பக்கம் பார்க்கச் சொன்னான். அவன் செய்தது பெரிய மரியாதை. ஆனால் நாலு மணி நேரத்தில் மூன்று முறை, என் அப்பா ஆடுகிற படகில் அந்தப் பாய்க்குப் பின்னால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பணம் கட்டி, மூன்று முறை கேட்டு உறுதி செய்த பிறகு அவர் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை.

ஒரு மணி வாக்கில் பறவைகள் தெரிந்தன. பையன் இரையை வீசி ரோடை அப்பா கையில் கொடுத்தான். நூல் ஓடியது. நான் கத்துவதற்கு முன்பே அப்பா வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருந்தார். ஐந்தில் பூட்டினார். மீன் எழுபது எண்பது மீட்டருக்கு அப்பால் தண்ணீரை விட்டு முழுசாக எழும்பித் தலையை உதறியது. பையன் படகைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி, அப்பாவின் கைக்குப் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டான். "பாக்சிக், பெலான்-பெலான்," பெரியவரே, மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தான். இருபது நிமிடம் ஆனது. படகுக்குள் தூக்கவில்லை. கையுறை போட்டு அலகைப் பிடித்து, படகை மெல்ல முன்னால் நகர்த்தி, செவுளில் தண்ணீர் ஓடும்படி வைத்திருந்தான். வெளிறியிருந்த உடம்பில் நீலம் திரும்பி வந்தது. அப்பா குனிந்து மீனின் பாய்த் துடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஈரத் துணி மாதிரி இருக்குடா" என்றார். பையன் கையை விட்டான், மீன் அடியில் இறங்கிப் போனது.

திரும்பும்போது அப்பா முழு வழியும் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பல வருஷமாகக் கேட்டதில்லை. துறையில் இறங்கியதும் முன்பதிவு எடுத்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். "மீன் கிடைத்ததே, அப்புறம் என்ன?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது அப்பாவின் எண்ணிக்கையும் அந்தப் பையனின் கையும் சேர்ந்து பிடித்த மீன். அதைக் காட்டி இவர் தன் சொல்லைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்.

ஒன்பது பயணத்தில் எட்டு முறை மீன் பார்த்திருக்கிறேன். முன்பணத்தில் ஏமாற்று இல்லை. வலையில் பிடித்து விற்காமல், தொட்டுப் பார்த்துவிட்டு விடுகிற பழக்கத்தை அந்த ஆற்றுத் தூண்டில் படகுக்காரர்கள் பலரும் கடைப்பிடிக்கிறார்கள், அதற்காகவே அவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டால் போ என்றுதான் வரும். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஆளிடம் முன்பதிவு போட வேண்டாம்.

நண்பனுக்குக் கடைசியில் அனுப்பியது இது. ரொம்பின் கட்டாயம் போங்கள். நேராக ஒரு தெக்கோங்கின் தொலைபேசி எண்ணையே கேட்டு வாங்கி அவரோடு பேசு. உஞ்சாம் சொந்தமா, எத்தனை எஞ்சின், கழிப்பறை உண்டா, அன்று அவரே வருவாரா என்று கேள். வர முடியாவிட்டால் முன்பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். என்னை ஆகஸ்ட்டுக்குச் சேர்க்காதே. அப்போலோ நாலு கட்டு வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.