டிங்கிள் மரங்களைப் பார்க்க எங்கே நடப்பது: வால்போல் காட்டு நடைபாதைகள் பற்றிய மதிப்பீடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையில், வால்போல், டென்மார்க் என்னும் இரு சிற்றூர்களுக்கு இடையே உள்ள ‘வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ காட்டுக்கு வருவோர் பெரும்பாலும் 40 மீட்டர் உயரம் வரை ஏறிச் செல்லும் நடைபாலத்துக்காகவே வருகிறார்கள். பாலம் நன்றாகவே இருக்கிறது. ஆனால், விநோதமாக வளர்ந்த மரங்களைக் காணும் ஆவலுடன் போகிறவர்களுக்கு, அதை ஒட்டிக் கட்டணமில்லாமல் நடக்கக்கூடிய ‘ஏன்ஷியன்ட் எம்பயர்’ என்ற தரைவழிப் பாதையே முதன்மையானது என்பது என் கருத்து.

இங்குள்ள சிவப்பு டிங்கிள், வால்போலைச் சுற்றியுள்ள சிறு பரப்பில் மட்டுமே இயற்கையாக வளரும் யூகலிப்டஸ் வகை. நீலகிரியில் நெட்டுக்குத்தாக நிற்கும் தைலமரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் அதே குடும்பம் என்று நம்புவது கடினம். வேர்கள் ஆழமாக இறங்காமல் மேல்மண்ணிலேயே பரவுவதால், அடிமரம் பக்கவாட்டில் அகன்று மரத்தின் பாரத்தைத் தாங்குகிறது. அந்த அகன்ற அடியையும் காட்டுத்தீ, பூஞ்சை, பூச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து குடைந்திருப்பதால், சில மரங்களின் நடுவே ஆள் நிமிர்ந்து நடந்து செல்லும் அளவுக்கு வழி திறந்திருக்கிறது. உள்ளே நின்றால் சுற்றுச்சுவர் கரியேறிக் கறுத்துத் தெரியும். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் இலைகள் பச்சையாக அசைகின்றன. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் இருப்பதால்தான், வைரம் பாய்ந்த நடுக்கட்டை போன பின்னும் மரம் உயிரோடு நிற்கிறது.

இப்பாதையில் எல்லோரும் நின்று படமெடுப்பது ‘கிராண்ட்மா டிங்கிள்’ என்ற மரத்தை. அதன் அடிமரத்தில் புடைத்த முண்டுகள் ஒரு கிழவியின் முகமாகத் தோன்றுகின்றன. காயமோ பூச்சித் தாக்குதலோ நேர்ந்த இடத்தில், பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது இத்தகைய முண்டுகள் உருவாவதுண்டு. முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், முண்டைச் சுற்றிப் பட்டையின் வரிகள் எப்படி வளைந்து செல்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். எனக்கு முகத்தைவிட அதுவே பிடித்திருந்தது.

இனி பாலத்துக்கு வருவோம். முன்பு இக்காட்டில் பெயர்பெற்ற ஒரு பொந்து மரத்துக்குள் காரை நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாக இருந்தது. வந்தவர்களின் காலும் சக்கரமும் மிதித்து மண் இறுகி வேர்கள் நலிந்ததும் ஒரு காரணமாக, அம்மரம் 1990-இல் சாய்ந்தது. அதன் பிறகே, வேர்களை மிதிக்காமல் காட்டைக் காட்டும் நோக்குடன் இந்த எஃகுப் பாலம் 1996-இல் திறக்கப்பட்டது. ஆகவே நுழைவுக் கட்டணம் கொடுக்க எனக்கு மனத்தாங்கல் இல்லை. மொத்தம் 600 மீட்டர் நடை. நடக்கும்போது பாலம் மெல்ல ஆடுவதால் உயரத்துக்கு அஞ்சுவோர் யோசித்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியும் செல்லும் அளவுக்குச் சரிவு மிதமாக இருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் மேலிருந்து தெரிவது கிளைகளும் இலைகளுமே. பொந்தும் முண்டும் கண்ணில் படுவது அரிது.

பெர்த் நகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு என்பதால், வால்போலிலோ டென்மார்க்கிலோ இரவு தங்கிவிட்டுக் காலையில் போவது நல்லது. தரைவழிப் பாதையை முதலில் நிதானமாக நடந்து முடித்துவிட்டு, பிறகு பாலத்தில் ஏறுங்கள். டிசம்பர் 25 அன்று பாலம் மூடப்பட்டிருக்கும்.