மூன்று வருடமாகக் காகுபின்

ஒசாகாவில் குடியேறிய முதல் வாரம், வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் லேபிளைப் பார்த்து வாங்கியது சன்டோரி நிறுவனத்தின் காகுபின் விஸ்கி. 700 மில்லி, 40 சதவீத ஆல்கஹால், அன்று 1,500 யென் கூட ஆகவில்லை. 2024 ஏப்ரலில் விலை ஏறிவிட்டது. இருந்தாலும் அதே நிறுவனத்தின் விலை உயர்ந்த விஸ்கியான யமசாகி ஒன்று வாங்கும் காசுக்கு இதில் இரண்டு மூன்று பாட்டில் தாராளமாகக் கிடைக்கும்.

முதல் நாள் எதுவும் கலக்காமல் குடித்துப் பார்த்தேன். ஏமாற்றம்தான். மோந்தால் வெனிலா, கொஞ்சம் தேன், பின்னாலேயே ஸ்பிரிட் நெடி. நாக்கில் லேசான இனிப்பு, தொண்டையில் காரம், அத்தோடு சரி. எதுவும் தங்கவில்லை. மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, கூட வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவர் சாப்பிட வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் 'சோடா இருக்கிறதா?' என்றுதான் கேட்டார். உயரமான கிளாஸில் விளிம்புவரை ஐஸ். கிளாஸ் வெளியே பனி பூக்கும்வரை வெறும் ஐஸைச் சுற்றி, இறங்கிய தண்ணீரைக் கொட்டினார். ஒரு பங்கு விஸ்கி, எலுமிச்சைத் துண்டு ஒரு பிழி, அப்புறம் நன்றாகக் குளிர்ந்த சோடா நான்கு பங்கு. சோடாவை ஐஸ் மேல் படாமல் ஓரமாக வழியவிட்டார். கடைசியில் கரண்டியால் ஐஸை அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டார். அதிகம் கலக்கினால் நுரை செத்துவிடும் என்றார்.

அதே விஸ்கியா என்று இருந்தது. ஸ்பிரிட் நெடி போய், தானியத்தின் இனிப்பு மேலே வந்தது. முடிவில் நாக்கு வறண்டு, அடுத்த வாய் சாப்பாட்டைக் கேட்டது. கலக்காமல் குடித்தபோது குறையாகப்பட்ட அந்தச் சட்டென்ற முடிவு, கராகே என்னும் ஜப்பானியப் பொரித்த கோழியோடு இப்படி சோடா கலந்த ஹைபாலாகக் குடிக்கும்போது பெரிய பலம்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. சன்டோரியின் நிறுவனர் டோரி ஷின்ஜிரோ 1929இல் கொண்டுவந்த முதல் விஸ்கியின் புகை வாசம் ஜப்பானியர்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் நாக்குக்கு ஏற்ப உருவாக்கி 1937இல் விற்க ஆரம்பித்ததுதான் இது. யமசாகி, ஹகுஷு என்ற சன்டோரியின் இரண்டு வடிசாலைகளில், பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய மால்ட் விஸ்கியும் இதில் சேர்கிறது. ஆமை ஓடு மாதிரி வெட்டு விழுந்த கோணப் பாட்டிலைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் காகுபின். 'காகு' என்றால் கோணம், 'பின்' என்றால் பாட்டில்.

குறைகளும் உண்டு. ஐஸ் உருக உருகச் சீக்கிரம் நீர்த்துப்போகும்; ஒன்றுக்கு நான்கு என்பது எனக்குக் கொஞ்சம் தளர்வு, மூன்றே போதும். ஒரு குடிக்கடையில் வெதுவெதுப்பான சோடாவில் கலந்து கொடுத்தார்கள், பாதிக்கு மேல் இறங்கவில்லை. தண்ணீர் கலந்து குடிக்கும் மிசுவாரியும் பார்த்தேன். மோசமில்லை, ஆனால் சோடா தரும் உயிர் அதில் இல்லை. ஜனவரிக் குளிரில் வெந்நீர் ஊற்றி ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் போட்டால் வெனிலா வாசம் ஆவியோடு எழும். அது தனி சுகம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வீட்டு ஃப்ரீசர் ஐஸ் வேண்டாம், மீன் வாடை ஏறியிருக்கும். கொன்பினி என்னும் 24 மணி நேரக் கடையில் பையில் விற்கும் கெட்டி ஐஸை வாங்கிக்கொள்ளுங்கள், சோடாவை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.