செமியா, டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா: துவைப்பதில் பணம் எங்கே கரைகிறது?

பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வரை இந்த மூன்று வகை வாஷிங் மெஷினுக்கும் கரண்ட் செலவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கும் மோட்டார் ஏறக்குறைய 350 வாட். கால் மணி நேரம் ஓடினால் 0.09 யூனிட். பிழியும் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடுவதையும் சேர்த்தால் 0.1 யூனிட்டை ஒட்டி வரும். முழு ஆட்டோமேட்டிக்கான டாப் லோடும் (மேலே மூடி) ஃப்ரண்ட் லோடும் (முன்பக்கக் கதவு) அதைவிட நீண்ட நேரம் ஓடும். ஆனாலும் பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு சுற்றுக்குக் கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். கரண்டை மட்டும் கணக்குப் பார்த்து மெஷினை மாற்றினால் போட்ட பணம் திரும்பாது.

பில்லை ஏற்றுவது சூடு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும், ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஃப்ரண்ட் லோடு துவைக்க எடுக்கும் தண்ணீரை 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 0.2 யூனிட் ஆகும், 60-க்கு 0.56 யூனிட். துணியும் டிரம்மும் சூடாக வேண்டும் என்பதால் 60 டிகிரியில் ஒரு சுற்றுக்குக் கூடுதலாக 0.65 யூனிட் வரை போகும். இரண்டு மாதத்தில் 40 முறை துவைக்கும் வீட்டுக்கு இது 26 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு அதிக விலை கொடுப்பதோடு போகாது, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறும்.

பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் ‘காட்டன்’ என்று திருப்பினால் 40 அல்லது 60 டிகிரி தானாகவே வந்து நிற்கும். வெப்பநிலை பட்டனை அழுத்திக் ‘கோல்டு’க்குக் கொண்டுவந்த பிறகே ஸ்டார்ட் கொடுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருப்பதால் அன்றாட அழுக்குக்கு அது தாராளம். சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் வெதுவெதுப்பாகவே இறங்கும். எண்ணெய் பிசுக்கேறிய தலையணை உறை, சமையலறைத் துணியை அந்த நேரத்தில் போடுங்கள். ரத்தம், பால், முட்டைக் கறைக்கு மட்டும் சூடு ஆகவே ஆகாது. சூட்டில் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர்க் கணக்கில்தான் மெஷின்கள் உண்மையாகவே பிரிகின்றன. ஏழு கிலோ துணிக்கு ஃப்ரண்ட் லோடு 50–60 லிட்டரில் முடிக்கும். டாப் லோடு 100–150 லிட்டர் கேட்கும். செமியில் துவைக்கிறவர் கையைப் பொறுத்தது. துவைக்க ஒருமுறை, அலச இரண்டுமுறை என்று தொட்டியை நிரப்பினால் 150 லிட்டர் ஓடிவிடும். அதைக் குறைக்க ஒரு வழி: துவைத்ததும் அலசாமல், சோப்புத் தண்ணீரோடு இருக்கும் துணியை முதலில் ஒரு நிமிடம் பிழிந்துவிடுங்கள். நுரை பெரும்பாலும் அங்கேயே வெளியேறுவதால் ஒரே அலசல் போதும். வெள்ளைத் துணியை முதலில் துவைத்து, அதே சோப்புத் தண்ணீரில் சாயம் போகாத கலர்த் துணியையும் கடைசியில் மிதியடியையும் போடலாம். இந்த வசதி ஆட்டோமேட்டிக்கில் கிடையாது. இப்படித் துவைத்தால் செமியும் ஃப்ரண்ட் லோடுக்கு அருகில் வந்துவிடும்.

சொந்த போர்வெல் உள்ள வீட்டில் 100 லிட்டர் மேலே ஏற்றும் கரண்ட் ஒரு பொருட்டே அல்ல. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் கதை வேறு. ஆயிரம் லிட்டர் 150 ரூபாய், வாரம் ஐந்து முறை துவையல், ஒவ்வொரு முறையும் 70 லிட்டர் மிச்சம் என்றால் வருடத்துக்கு 18,200 லிட்டர், அதாவது 2,730 ரூபாய். செமிக்கும் ஃப்ரண்ட் லோடுக்கும் விலை வித்தியாசம் 18,000 ரூபாய் இருந்தால் அது திரும்பிவர ஆறரை வருடம் பிடிக்கும். அதற்குள் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் அந்த லாபமும் சுருங்கிவிடும். ஆகவே பணம்தான் குறி, நின்று துவைக்க ஆளும் உண்டு என்றால் எங்கள் ஓட்டு செமிக்கே. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், தண்ணீரும் காசு கொடுத்து வாங்குவது என்றால் ஃப்ரண்ட் லோடு. குனிய வேண்டாம் என்பது டாப் லோடு வாங்க நியாயமான காரணம். சிக்கனம் அதற்குக் காரணமாகாது.

ஃப்ரண்ட் லோடில் கைத்துவையல் தூளைப் போடுவது பெரிய தப்பு. நுரை பொங்கினால் மெஷின் நடுவில் நின்று, தண்ணீரைக் கூடுதலாக எடுத்து மறுபடி அலசும். நேரம், தண்ணீர் இரண்டும் போச்சு. நுரை குறைந்த சோப்பை, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் போடுங்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராதது இயல்பு, நுரை வரும்வரை கொட்டிக்கொண்டே போகக் கூடாது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு படியும். படிவத்தால் கரண்ட் வீணாவது கொஞ்சம்தான். ஆனால் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் கருகிப்போகும், செலவு அங்கேதான். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே ஓட்டினால் கதவு ரப்பரில் பூஞ்சை வாடை கிளம்பும். இரண்டுக்கும் ஒரே மருந்து: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பொருள் எதையும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

உலர்த்துவதில் போட்டியே இல்லை. ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்க மட்டும் 0.63 யூனிட் தேவை. பிழிந்த துணியில் மூன்று லிட்டர் ஈரம் இருந்தால், சூடேற்றி உலர்த்தும் சாதாரண டிரையருக்கு 1.9 யூனிட்டுக்குக் குறைய வழியே இல்லை. பச்சைத் தண்ணீரில் துவைத்த செலவைப் போல ஏழு மடங்குக்கு மேல். கொடியில் போட்டால் சூரியன் இதை இலவசமாகச் செய்கிறது. கலர்த் துணியை உள்புறம் திருப்பிப் போட்டால் வெளுப்பு குறையும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாதபோதும் டிரையரைத் தேட வேண்டாம். துவைத்த துணியை இன்னொரு முறை பிழியவிடுங்கள். செமியின் சிறு டிரம் நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் சுழலும், டாப் லோடோ 700-ஐ ஒட்டித்தான், அதனால் அதில் துணி ஈரமாகவே வெளிவரும். பிறகு ஜன்னல் திறந்த அறையில், துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டுக் காயப்போட்டு ஃபேனை ஓடவிடுங்கள். 75 வாட் ஃபேன் ஆறு மணி நேரம் ஓடினால் 0.45 யூனிட், 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 0.18. ஜன்னலை மூடி வைத்தால் அறைக் காற்றே ஈரமாகி ஃபேன் சும்மா சுற்றும். சட்டையை உதறி, ஹேங்கரில் தோள்பட்டை ஒட்டத் தொங்கவிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கும் வேலை குறையும்.