முன்–பின் கணக்கா, குலுக்கலா? கிராமத்துக் கிளினிக்கின் தரத்தைச் சோதிக்கும் வழிகள்

நீரிழிவுக் கிளினிக்குகளின் தரத்தை உயர்த்தும் யோசனைகளுள் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று, எத்தனை நோயாளருக்குப் பாதப் பரிசோதனை செய்யப்பட்டது என்று பதிவேட்டிலிருந்து கணக்கெடுத்து, அதை வைத்தியரிடமே காட்டும் முறையாகும். பல்வேறு மருத்துவச் சேவைகளில் இப்படிக் கணக்கெடுத்துக் காட்டும் முறையைச் சோதித்த 140 பரீட்சார்த்தங்களைத் திரட்டிய 2012 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வில் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பின் அறிக்கை), உரிய நடைமுறையைக் கடைப்பிடிப்பதில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 4.3 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. பயன் இவ்வளவு சிறியதாக இருக்கையில், சோதிக்கும் முறை பிழைத்தால் முடிவும் பிழைத்துவிடும்.

ஒரே வைத்தியசாலையில் புதிய முறைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே மிக மலிவான வழி. திருகோணமலையில் அதை நம்புவது கடினம். ஐப்பசி மழை தொடங்கியதும் ஈச்சிலம்பற்று, குச்சவெளி போன்ற இடங்களில் கிளினிக் வரவு குறையக்கூடும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் உணவு நேரமும் மருந்து வேளையும் மாறுகின்றன. அம்மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்வதால், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டாலும் கணக்குச் சரிவராது. போதாக்குறைக்கு, நிலைமை மிக மோசமாக இருந்த மாதத்தில்தான் பெரும்பாலும் திட்டங்கள் தொடங்கப்படுகின்றன. எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் சற்று மேலாகவே தோன்றும்.

திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சிறு சுழற்சி முறை, எந்தப் படிவம் தாதியரின் கைக்கு இலகுவாக வருகிறது என்பதைக் கண்டறிய மிக நல்லது. அந்தப் படிவத்தால் நோயாளர் நலமடைந்தனரா என்பதை அதனால் காட்ட முடியாது.

உறுதியான சான்று தருவது, வைத்தியசாலைகளையே குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒன்றில் மட்டும் புதிய முறையைக் கையாளும் பரீட்சார்த்தம். ஒரே வைத்தியரிடம் வரும் நோயாளரைப் பாதியாகப் பிரித்தால், ஒரு பாதிக்காக அவர் பழகிய வழக்கம் மறு பாதிக்கும் பரவிவிடும் என்பதால்தான் இடங்களைப் பிரிக்கிறோம். ஆனால் ஒரு மாவட்டத்தில் இடங்கள் சிலவே. கூட்டம் மிகுந்த ஒரு கிளினிக் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கமே முடிவும் சாயும்.

எனவே நான் பரிந்துரைப்பது படிமுறை அறிமுகம். எல்லா இடங்களும் பழைய முறையிலேயே தொடங்கும்; பின்னர் நிலாவெளி முதலா, தம்பலகாமம் முதலா என்பதைக் குலுக்கலே தீர்மானிக்க, ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாறும். 1986 இல் காம்பியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அறிமுகப்படுத்தியபோது கையாளப்பட்ட வழி இதுவே. பயிற்சி அளிப்போர் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போக முடியாது என்ற நம் நடைமுறைச் சிக்கலே இங்கு ஒப்பீட்டுக்கு உதவுகிறது. எந்த ஊரும் இறுதிவரை விடுபடுவதுமில்லை. மழையும் நோன்பும் அதே மாதத்தில் இன்னும் மாறாத இடங்களையும் தொடுவதால், அவற்றின் பாதிப்பைப் பிரித்தறியலாம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: எதை அளப்பது என்பது குலுக்கலுக்கு முன்பே எழுதப்பட வேண்டும்; வைத்தியர் இடமாற்றம் பெற்ற திகதிகளும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.