சுகரைக் கணிக்க நியூரல் நெட்வொர்க்கா, பரிணாமச் சூத்திரமா?

தோலில் ஒட்டிய சென்சார் 5 நிமிடத்துக்கு ஒரு எண்ணைச் சொல்கிறது. அதையும் சாப்பாடு, இன்சுலின் கணக்கையும் வைத்து, அரை மணி நேரம் கழித்து சர்க்கரை எங்கே நிற்கும் என்று கணிக்க வேண்டும். டைப் 1 நோயாளிகளுக்கு, அதிலும் ராத்திரித் தூக்கத்தில், இது உயிர்ப் பிரச்சினை.

நியூரல் நெட்வொர்க் என்பது தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல். அதில் முந்தைய எண்களை நினைவில் வைத்துக் கணிக்கும் எல்எஸ்டிஎம் (LSTM) வகை 1997-இல் வந்தது. அரை மணி நேரக் கணிப்பில் கெட்டிக்காரன்தான், ஆனால் தரவுப் பசி அதிகம். இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் ஓஹியோ தரவுத்தொகுப்பில் 12 பேர், ஆளுக்கு 8 வாரம். ஒரு அளவீடுகூட விட்டுப்போகாவிட்டாலும் ஒருவருக்கு 16,128 எண்கள்தான். அதில் சுகர் இறங்கிய நேரங்கள் கொஞ்சமே. நமக்கு வேண்டியதோ அந்தக் கொஞ்சம்.

பரிணாம வழியில் இலக்கணப் பரிணாமம் என்ற முறை 1998-இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தது. இங்கே சூத்திரங்களையே வளர்க்கிறார்கள். எதை எதோடு கூட்டலாம், பெருக்கலாம் என்று ஒரு இலக்கணம் எழுதிக் கொடுத்தால், நூற்றுக்கணக்கான சூத்திரங்கள் முளைக்கும். தேறியவை கலந்து அடுத்த தலைமுறை வரும். மாட்ரிட் கம்ப்ளூட்டென்சே பல்கலைக்கழகக் குழு இதைச் சர்க்கரைக் கணிப்பில் பயன்படுத்தியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது மதிப்பெண் போடும் சுதந்திரம். நிஜ அளவு 230, கணிப்பு 260 என்றால் பிழை 30. நிஜம் 60, கணிப்பு 90 என்றாலும் அதே 30. சராசரிப் பிழைக்கு இரண்டும் ஒன்றே. 1987-இன் கிளார்க் கட்டம், பிழையை அதன் ஆபத்தைப் பார்த்து ஏ முதல் ஈ வரை பிரிக்கும் வரைபடம். அதிலோ முதலாவது ஏ பகுதி, கவலையில்லை. இரண்டாவது டி: சுகர் இறங்கியிருக்கிறது, கணிப்போ எல்லாம் நலம் என்கிறது. பரிணாம முறையில் அந்தக் கட்டத்தையே மதிப்பெண்ணாக வைத்துவிடலாம். நெட்வொர்க்கோ தன்னைக் கொஞ்சம் மாற்றினால் பிழை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துப் படிப்படியாகக் கற்பது. பகுதிக்குப் பகுதி மதிப்பெண் திடீரென்று தாவும் கட்டம் அதற்கு ஒத்துவராது. வளைத்து மென்மையாக்கிக் கொடுத்தால்தான் ஏற்கும்.

அப்புறம், சூத்திரத்தை வாசிக்கலாம். மாவுச்சத்து கூடினால் சர்க்கரை குறையும் என்று ஒன்று வந்தால், பார்த்த உடனே குப்பையில் போடலாம். நெட்வொர்க்கில் அப்படி ஒரு தவறு புதைந்திருந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

குறையும் உண்டு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு சூத்திரம் வரும். கட்டுப்படுத்தாவிட்டால் சில சூத்திரங்கள் பக்கம் முழுக்க நீளும். இரண்டு மணி நேரம் தள்ளிக் கேட்டால் இரண்டுமே தடுமாறும். இடையில் நோயாளி பிஸ்கட் சாப்பிடுவாரா என்று எந்தக் கணக்குக்குத் தெரியும்?

ஒருவரின் 8 வாரத் தரவு மட்டும் கையில் இருந்தால், நான் சூத்திரத்தைத்தான் எடுப்பேன். பத்து முறை ஓட்டி, பத்துக் கணிப்பின் நடு மதிப்பை வைத்துக்கொள்வேன். நூற்றுக்கணக்கானோரின் தரவு கிடைத்தால் நெட்வொர்க்.