நாலு வருடமாக என் வீட்டு மிஸ் கேரளா

மிஸ் கேரளா என்பது தொட்டியில் வளர்க்கும் ஒரு அழகு மீன். முதலில் மூன்றுதான் வாங்கினேன். மூக்கில் தொடங்கி கண் வழியாக நடு உடம்பு வரை ஓடும் அந்தச் சிவப்புக் கோடு, அதன் கீழே வால் வரைக்கும் கறுப்புக் கோடு. சென்னை கொளத்தூர் மீன் கடையில் பார்த்ததும் மனசு போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு மூன்றும் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. ஒரு மாதம் ஆகியும் நிறம் வெளுத்தே இருந்தது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்ற இருந்தேன். அதற்குள் ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு இன்னும் ஐந்து வாங்கி விட்டேன். ஒரே வாரத்தில் எட்டும் சேர்ந்து வெளியே வந்தன, சிவப்பும் திரும்பியது. இது கூட்டத்தில் வாழும் மீன். ஆறுக்குக் குறைவாக வாங்கவே வாங்காதீர்கள்.

கடைகளில் டெனிசோனி பார்ப் என்றும் சொல்வார்கள். 1860களில் மதராஸ் கவர்னராக இருந்த டெனிசனின் பெயர் அது. ஆனால் சொந்த ஊர் கேரளத்தின் மலை ஆறுகள்: சாலியார், வளபட்டணம் போன்றவை. குளிர்ந்து வேகமாக ஓடும் தண்ணீர். இதைப் புரிந்துகொண்டால் வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. நான் நாலடித் தொட்டியின் ஒரு ஓரத்தில் பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளி நீரோட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டார்) வைத்திருக்கிறேன். காலையில் அதைப் போட்டதும் எட்டும் நீரோட்டத்துக்கு எதிரே முகம் திருப்பி, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்திருப்பேன்.

சென்னை வெயில்தான் பெரிய சோதனை. 25 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கும் மீன் இது. இரண்டாம் வருட மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனது. அன்றைக்கு ராத்திரி கரண்டும் போய்விட்டது. விடிவதற்குள் இரண்டு போய்விட்டன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஏர் பம்பும் ஓடவில்லை. இன்னும் மனசு கேட்கவில்லை. இப்போது பேட்டரி ஏர் பம்ப் எப்போதும் சார்ஜில் இருக்கிறது. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடும். அதனால் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது, ஆவியாகும் தண்ணீரை மட்டும் தினமும் ஈடுகட்ட வேண்டும். மூடியும் அவசியம், நன்றாகத் துள்ளும்.

சாப்பாட்டில் பிரச்சினையே இல்லை. பெல்லட், உறைந்த ரத்தப்புழு, வாரம் ஒருநாள் வெந்நீரில் போட்டெடுத்த பசலைக்கீரை. கீரை இல்லாத வாரம் மெல்லிய செடிகளின் நுனியைக் கடித்துவிடும். தடித்த இலை கொண்ட அனுபியாஸ் செடி தாங்குகிறது.

வாங்கும்போது இரண்டு அங்குலம்தான் இருக்கும், போகப் போக அரை அடி வரை வளரும். அதனால் இரண்டடித் தொட்டிக்கு வேண்டாம். இன்னொன்று, ஆறுகளில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் இது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வருடம் சேர்த்த இரண்டையும் நான் அப்படித்தான் வாங்கினேன். பழைய ஆறு மீன்களோடு அன்றைக்கே சேர்ந்துகொண்டன.